பழைய இம்போர்ட்டுகளைப் புதுப்பிக்க எந்த வழி?

ஃபைலின் தலையில் நாலு வரி: வேறு ஃபைலிலோ லைப்ரரியிலோ எழுதியிருப்பதை இங்கே வரவழைக்கும் இம்போர்ட் வரிகள். அதை மாற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பைத்தான் மொழியின் 3.10 வெர்ஷனுக்கு மாற வேண்டிய ஒரு கோட்பேஸ் (ஒரு ப்ராஜெக்ட்டின் மொத்தக் கோட்). மேப்பிங், இட்டரபிள் போன்றவற்றை கலெக்‌ஷன்ஸ் மாட்யூலிலிருந்து நேராக எடுக்கும் வரிகள் அந்த வெர்ஷனில் ஓடாது, கலெக்‌ஷன்ஸ்.ஏபிசி என்று மாற்ற வேண்டும். எடிட்டரில் தேடு-மாற்று கொடுத்தேன், பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. சர்வர் கிளம்பியது, டெஸ்ட் எல்லாம் பச்சை. மாதக் கடைசியில் மட்டும் ஓடும் ஒரு ரிப்போர்ட் அன்று இரவு விழுந்தது. போய்ப் பார்த்தால், யாரோ கலெக்‌ஷன்ஸ் மாட்யூலை 'சி' என்று ஒற்றை எழுத்துப் பெயரில் இம்போர்ட் செய்து, ஒரு ஃபங்ஷனுக்குள்ளே 'சி.மேப்பிங்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். என் தேடலில் அது சிக்கவில்லை. அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும்வரை பைத்தானும் வாய் திறக்கவில்லை.

இத்தனைக்கும் இது திடீரென்று வந்த மாற்றம் இல்லை. புது முகவரி 2012இல் வந்த 3.3 வெர்ஷனிலேயே இருக்கிறது. 3.7 முதல் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. 3.9இல் எடுத்துவிடுவதாக இருந்து, பைத்தான் 2ஐ இன்னும் விட முடியாதவர்களுக்காக ஒரு வெர்ஷன் தள்ளிப்போட்டார்கள். 2021 அக்டோபரில் 3.10 வந்தபோதுதான் பழைய வழி அடைபட்டது. ஒன்பது வருட அவகாசம்! அப்படியும் தடுக்கி விழுந்தவர்கள் ஏராளம், நான் உட்பட.

அன்றிலிருந்து எந்த இம்போர்ட்டைத் தொடும் முன்பும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: இது தப்பாகப் போனால் சத்தம் கேட்குமா? எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதை எனக்கு முடிவுசெய்து தருவது பெரும்பாலும் இந்தக் கேள்விதான். கோட்பேஸின் அளவு, ஆள்பலம், கெடு எல்லாம் அதற்கு அப்புறம்.

சத்தம் போடும் மாற்றம், போடாத மாற்றம்

கோ மொழியிலிருந்து ஓர் உதாரணம். 2021 பிப்ரவரியில் வந்த 1.16 வெர்ஷனில் ஐஓயுட்டில் பேக்கேஜைக் கைவிட்டு, அதில் இருந்தவற்றை ஐஓ, ஓஎஸ் என்ற இரண்டு பேக்கேஜ்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ரீட்ஆல், ரீட்ஃபைல் இரண்டும் பெயரோ குணமோ மாறாமல் வீடு மட்டும் மாறின. ரீட்டிர் அப்படி இல்லை. பழையது ஃபைல்இன்ஃபோ பட்டியலைத் தரும், புதியது டிர்என்ட்ரி பட்டியலைத் தரும். ஃபைலின் அளவு வேண்டுமென்றால் இன்ஃபோவை இன்னொரு முறை கேட்டு வாங்க வேண்டும். ஆனால் இதற்காக யாரும் தூக்கம் கெடத் தேவையில்லை. இம்போர்ட்டை மட்டும் மாற்றிவிட்டு அளவு கேட்கும் வரியை அப்படியே விட்டால் கம்பைல் ஆகாது. எந்த வரி என்றுகூட கம்பைலரே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் வாருங்கள். தேதிகளைக் கையாளும் மொமென்ட் லைப்ரரியை எழுதியவர்களே 2020 செப்டம்பரில் இனிப் பராமரிப்பு மட்டும்தான் என்று அறிவித்துவிட்டார்கள். அதன் இடத்துக்கு டேஜேஎஸ்ஸைக் கொண்டுவருவது பலரும் செய்வதுதான், ஏனென்றால் மெத்தட் பெயர்களெல்லாம் ஏறக்குறைய அதேதான். இம்போர்ட் வரியை மாற்றினால் கோட் ஓடுகிறது. ஆனால் மொமென்ட்டில் ஒரு தேதியின் மேல் 'ஆட்' கூப்பிட்டால் அந்தத் தேதியே மாறும். டேஜேஎஸ்ஸில் பழைய தேதி அப்படியே இருக்கும், கூட்டிய தேதி புதிதாகத் திரும்பி வரும். 'கெடு.ஆட் ஏழு நாள்' என்று தனி வரியாக எழுதி, திரும்பி வருவதை எதிலும் வாங்கிக்கொள்ளாத கோட் மொமென்ட்டில் சரியாக ஓடியிருக்கும். இப்போது அந்த வரி ஒன்றுமே செய்யாது. எர்ரரும் வராது, எச்சரிக்கையும் வராது. கெடு மட்டும் ஏழு நாள் முன்னதாகவே முடிந்துவிடும்.

பைத்தானின் பேக்கேஜ் கட்டும் மாட்யூலான டிஸ்ட்யுட்டில்ஸில் இருந்த, வெர்ஷன் எண்களை ஒப்பிடும் லூஸ்வெர்ஷனும் இந்த ரகம்தான். டிஸ்ட்யுட்டில்ஸ் 3.12இல் நீக்கப்பட்டது. வெர்ஷன்களை ஒப்பிட வேண்டியவர்கள் பேக்கேஜிங் என்ற லைப்ரரிக்குப் போகிறார்கள். 1.0 புதியதா, 1.0ஆர்சி1 புதியதா என்று லூஸ்வெர்ஷனிடம் கேட்டால் ஆர்சி1தான் புதியது என்று சொல்லும். அது துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கும், துண்டு அதிகமாக இருப்பது பெரியது. வெளியீட்டுக்கு முந்தைய சோதனை வெர்ஷன் பழையது என்பது பேக்கேஜிங்குக்குத் தெரியும், அதனால் நேர் எதிராகப் பதில் சொல்லும். புதியதுதான் சரி. ஆனால் உங்கள் கோட் பழைய தப்பை நம்பி எழுதப்பட்டிருந்தால், இம்போர்ட்டை மாற்றிய அன்றைக்கு ஒரு 'இஃப்' தலைகீழாகப் போகும்.

நான் பார்த்ததில் மிகவும் நயவஞ்சகமானது ஜாவாவில் டெஸ்ட் எழுதப் பயன்படும் ஜேயூனிட். நான்கிலிருந்து ஐந்துக்குப் போகும்போது இம்போர்ட் முகவரி மாறுவது எல்லோருக்கும் தெரியும். எதிர்பார்த்தது வந்ததா என்று சரிபார்க்கும் அசர்ட் மெத்தட்களில் செய்தி வாசகம் முதல் இடத்திலிருந்து கடைசி இடத்துக்குப் போனதும் தெரியும். அசர்ட்ட்ரூ போன்றவற்றில் இது கம்பைல் எர்ரராக வந்து நிற்கும், பிரச்சினை இல்லை. அசர்ட்நாட்ஈக்வல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஸ்ட்ரிங்குகளைக் கொடுக்கிறீர்கள்: செய்தி, இருக்கக் கூடாத மதிப்பு, உண்மையில் வந்த மதிப்பு. புது ஜேயூனிட் முதல் இரண்டை ஒப்பிட்டு, மூன்றாவதைச் செய்தி என்று எடுத்துக்கொள்ளும். 'டோக்கன் மாறியிருக்க வேண்டும்' என்ற வாசகமும் பழைய டோக்கனும் எந்தக் காலத்திலும் ஒன்றாக இருக்கப்போவதில்லை. அதனால் அந்த டெஸ்ட் இனி என்றென்றும் பாஸ். காவலுக்கு வைத்த நாய்க்கே மயக்க மருந்து கொடுத்த கதை.

சரி, வழிகளுக்கு வருவோம்.

தொடாமல் விடுவது

இதை ஒரு வழியாகவே யாரும் மதிப்பதில்லை. சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்கள். சில இடங்களில் இதுதான் சரியான முடிவு. கோவின் ஐஓயுட்டில் நல்ல உதாரணம். கைவிட்டுவிட்டோம் என்று எழுதியிருக்கிறார்களே தவிர, கோ 1 இணக்க உறுதிமொழிப்படி அது தொடர்ந்து ஓடும். உள்ளே பார்த்தால் பெரும்பாலும் புதிய ஃபங்ஷன்களைத்தான் கூப்பிடுகிறது. லின்ட்டர் (கோடை ஓட்டாமலே குறை சொல்லும் கருவி) முணுமுணுக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு வாரத்தை அதற்குக் கொடுக்க மாட்டேன்.

அதைவிடச் சுவாரஸ்யமானது, இம்போர்ட்டைத் தொடாமல் அதற்குக் கீழே இருப்பதை மாற்றுவது. ஜாவாவில் லாக் எழுதும் லாக்ஃபோர்ஜே 1இன் ஆதரவு 2015இலேயே நின்றுவிட்டது. ஆனாலும் ஆயிரக்கணக்கான ஃபைல்களில் அதன் இம்போர்ட் உட்கார்ந்திருக்கும் ப்ராஜெக்ட்கள் இன்றும் உண்டு. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஷெல் ஓட்டை வெளியானபோது அது தாக்கியது லாக்ஃபோர்ஜே 2ஐத்தான். ஆனால் அந்த அமளியில் பழைய 1இன் ஓட்டைகளையும் எல்லோரும் தோண்ட ஆரம்பித்தார்கள். அடுத்த மாதமே ரீலோடுஃபோர்ஜே என்று ஒரு கிளை கிளம்பியது. அதே பேக்கேஜ் பெயர்கள், அதே கிளாஸ்கள், ஓட்டைகள் மட்டும் அடைக்கப்பட்டவை. பில்ட் ஃபைலில் ஒரு வரி, சோர்ஸில் பூஜ்யம் வரி. ஜாவா வெப் சர்வரான டாம்கேட் 10உம் இப்படி ஒரு பின்வாசல் வைத்திருக்கிறது. பழைய ஜாவாஎக்ஸ் இம்போர்ட்டுகளோடு இருக்கும் அப்ளிகேஷனை வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ என்ற ஃபோல்டரில் போட்டால் அதுவே ஜகார்ட்டாவுக்கு (ஜாவாஎக்ஸின் ஒரு பகுதிக்கு இப்போதுள்ள புதுப் பெயர்) மாற்றி ஏற்றிக்கொள்ளும்.

இன்னும் ஒரே வருடத்தில் மூடப்போகும் ப்ராஜெக்ட் என்றால் இதுவே போதும், வேறு எதற்கும் போக வேண்டாம். வளர்ந்துகொண்டிருக்கும் கோட்பேஸில்தான் வட்டி ஏறும். ஒரு லைப்ரரியைப் பழைய வெர்ஷனில் கட்டிப்போட்டால், அதை நம்பியிருக்கும் இன்னொன்றையும் கட்ட வேண்டும். அதற்காக மொழியின் வெர்ஷனையும் கட்ட வேண்டும். ஜாவா ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட் 3க்குப் போக வேண்டுமென்றால் ஜாவா 17உம் ஜகார்ட்டா இம்போர்ட்டுகளும் சேர்ந்தே வர வேண்டும், தனித்தனியாகப் பேரம் பேச முடியாது. அந்த நாள் வரும்போது எல்லாக் கடனையும் ஒரே மாதத்தில் கட்டச் சொல்வார்கள்.

தேடு-மாற்று

எளிது, இலவசம், எல்லோருக்கும் தெரியும். பெயர் தனித்துவமாக இருந்து, முழு மூட்டை முடிச்சோடு இடம் மாறியிருந்தால் இதைவிட வேறு எதுவும் வேண்டாம். ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட்டை ஜகார்ட்டா.சர்வ்லெட் என்று மாற்ற ஒரு வரி கமாண்ட் போதும்.

ஆனால் அதே கமாண்டில் '.சர்வ்லெட்' என்பதை விட்டுவிட்டு, மொத்த ஜாவாஎக்ஸையும் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜாவா ஈஈ (பெருநிறுவன அப்ளிகேஷன்களுக்கான ஜாவா) எக்லிப்ஸ் அறக்கட்டளையின் கைக்குப் போனபின் இடம் மாறியது ஜாவா ஈஈயின் பேக்கேஜ்கள்தான். ஜாவாஎக்ஸ்.கிரிப்டோ, ஜாவாஎக்ஸ்.எஸ்க்யூஎல் எல்லாம் ஜாவாவோடு கூடவே வரும் அடிப்படைத் தொகுப்பான ஜேடிகேயின் சொத்து. அவை எங்கும் போகவில்லை. ஒரே வீட்டுக்குள் பாகப்பிரிவினை நடந்த இடமும் உண்டு. ஜாவாஎக்ஸ்.டிரான்சாக்‌ஷன் ஜகார்ட்டாவுக்குப் போய்விட்டது, அதற்குள்ளிருந்த எக்ஸ்ஏ மட்டும் ஜேடிகேயிலேயே தங்கிவிட்டது. இதில் தப்பு செய்தால் கம்பைலர் கத்தும் என்பதுதான் ஒரே ஆறுதல்.

கத்தாத இடமும் அதே வேலையில் ஒளிந்திருக்கிறது. மெட்டா-இன்ஃப் ஃபோல்டருக்குள் சர்வீசஸ் என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் இருக்கும் ஃபைலின் பெயரே ஓர் இன்டர்ஃபேஸின் முழு முகவரி. தேடு-மாற்று ஃபைலுக்கு உள்ளே தேடும், ஃபைலின் பெயரைத் தேடாது. ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட் என்று தொடங்கும் பழைய பெயரிலேயே அந்த ஃபைல் இருந்தால் புது சர்வர் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அப்ளிகேஷன் கிளம்பும், அந்த ஃபைல் தொடங்கிவைக்க வேண்டிய வேலை மட்டும் நடக்காது.

பைத்தானில் இது இன்னும் மோசம். ஒரே இம்போர்ட் வரியில் ஆர்டர்ட்டிக்ட், மேப்பிங், நேம்டுடியூப்பிள் மூன்றும் இருக்கும். நடுவில் இருப்பது மட்டும்தான் வீடு மாறியது. கலெக்‌ஷன்ஸ் என்பதை கலெக்‌ஷன்ஸ்.ஏபிசி என்று மாற்றினால் ஓரத்தில் இருக்கும் இரண்டும் காணாமல் போகும். வரியையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதை ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்து வடிவங்களைத் தேடும் குறியீடு) எழுத உட்கார்ந்தவர்களுக்கு, இம்போர்ட் பட்டியல் அடைப்புக்குறிக்குள் நாலு வரிக்கு நீண்டு, நடுவில் கமென்ட்டும் இருந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கோட்மாட் கருவிகள்

இங்கேதான் என் வாக்கு, குறைந்தபட்சம் சத்தம் போடும் மாற்றங்களுக்கு. கோடை எழுத்துக் குவியலாகப் பார்க்காமல் இலக்கண மரமாகப் படித்து, அந்த மரத்தில் மாற்றி, திரும்ப எழுதித் தரும் கருவிகள் இவை. 'சி' என்பது கலெக்‌ஷன்ஸின் செல்லப்பெயர் என்று கண்டுபிடிக்கும்படி இவற்றில் விதி எழுத முடியும். மூன்று பெயர் இருக்கும் வரியை இரண்டாகப் பிரிக்கவும் தெரியும். பைத்தானில் பைஅப்கிரேட், ரஃப் இரண்டும் பழக்கமான பழைய இம்போர்ட்டுகளைத் தாமாகவே மாற்றும். நம் சொந்த லைப்ரரிக்கு விதி எழுத வேண்டுமென்றால் இன்ஸ்டாகிராம்காரர்கள் உருவாக்கிய லிப்சிஎஸ்டி. ஜாவாவுக்கு ஓப்பன்ரீரைட், ஜாவாஎக்ஸ்-ஜகார்ட்டா, ஜேயூனிட் நான்கு-ஐந்து இரண்டுக்கும் அதில் ரெசிபிகள் உண்டு. மேலே சொன்ன செய்தி வாசகத்தையும் அது இடம் மாற்றித் தரும். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஜேஎஸ்கோட்ஷிஃப்ட்.

ஒரு லைப்ரரியின் வெர்ஷனை ஏற்றுவதற்கு முன்னால் அதை எழுதியவர்களே கோட்மாட் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். 2017இல் ரியாக்ட் 15.5 வந்தபோது ப்ராப்டைப்ஸைத் தனிப் பேக்கேஜுக்கு அனுப்பினார்கள்; கூடவே அந்த மாற்றத்தைச் செய்யும் ஸ்கிரிப்ட்டையும் கொடுத்தார்கள். இருப்பதைத் தேடாமல் நாமே விதி எழுத உட்காருவது வேண்டாத வேலை. நான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

மரம் என்றவுடன் எல்லா மரமும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். பைத்தானோடு வரும் ஏஎஸ்டி மாட்யூல் கமென்ட்டையும் இடைவெளியையும் தூக்கி எறிந்துவிடும். அதில் மாற்றித் திரும்ப எழுதினால் வேலை சரியாக இருக்கும், ஆனால் பத்து வருடமாகச் சேர்ந்த 'இதைத் தொடாதே' கமென்ட்டுகள் எல்லாம் போய்விடும். லிப்சிஎஸ்டி ஒரு காற்புள்ளிக்குப் பின்னாலிருக்கும் இடைவெளியைக்கூட நினைவில் வைத்திருக்கும். ரிவ்யூவில் உண்மையாக மாறிய வரிகள் மட்டும் தெரிய வேண்டுமென்றால் இது முக்கியம்.

இந்தக் கருவிகளுக்குத் தெரியாத இடம் ஒன்று உண்டு: மேற்கோள் குறிகளுக்குள் இருப்பது. மாட்யூல் பெயரை ஸ்ட்ரிங்காகக் கொடுக்கும் செட்டிங்ஸ் ஃபைல்கள், கியூவில் போடும் வேலையின் பெயர், டெஸ்ட்டில் பேட்ச் செய்யும் (நிஜத்துக்குப் பதில் போலியை வைக்கும்) முகவரி. கடைசியாகச் சொன்னதில் ஒரு விபரீதம் நடக்கும். வெப்பிலிருந்து தரவு கேட்டு வாங்கும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியிலிருந்து எச்டிடிபிஎக்ஸுக்கு மாறுகிறீர்கள். டெஸ்ட்டில் 'ரிக்வெஸ்ட்ஸ்.கெட்' என்ற ஸ்ட்ரிங் அப்படியே இருக்கிறது, ரிக்வெஸ்ட்ஸும் இன்னும் இன்ஸ்டாலில் இருக்கிறது. பேட்ச் வெற்றிகரமாகப் பழையதைப் போலியாக்கும். கோட் புதியதைக் கூப்பிட்டு நிஜ நெட்வொர்க்குக்கே போகும். அது தற்செயலாகச் சரியான பதிலைக் கொண்டுவந்துவிட்டால் டெஸ்ட் பாஸ். அதனால் பழைய லைப்ரரியை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு டெஸ்ட்டை ஓட்டுங்கள். அப்போது பேட்ச் விழும், சத்தம் கேட்கும்.

பைத்தான் ஆப்ஜெக்ட்டுகளைச் சேமித்து வைக்கும் பிக்கிள் இன்னொரு பொறி. பிக்கிள் செய்து வைத்த தரவுக்குள் கிளாஸின் மாட்யூல் முகவரி எழுதப்பட்டிருக்கும். கிளாஸை அழகாக வேறு மாட்யூலுக்கு நகர்த்தி, கோட் முழுக்க இம்போர்ட்டையும் சரிசெய்துவிட்டீர்கள். கேஷில் நேற்று போட்டு வைத்தது இன்றைக்குப் பழைய முகவரியைத் தேடிக்கொண்டு வரும். பழைய மாட்யூலை ஒரு வரி மறு-இம்போர்ட்டோடு கொஞ்ச நாள் உயிரோடு வைத்திருப்பதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

ஒரே கமிட்டில் நூற்றுக்கணக்கான ஃபைல் மாறினால் கிட் பிளேமில் (எந்த வரியைக் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டுவது) எல்லா வரிக்கும் உங்கள் பெயர்தான் வரும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கிட் 2.23 முதல் சில கமிட்டுகளைப் பிளேமில் கண்டுகொள்ளாதே என்று ஒரு ஃபைலில் எழுதி வைக்கலாம். அதற்கு ஒரு நிபந்தனை: அந்தக் கமிட்டில் கருவி செய்தது மட்டும்தான் இருக்க வேண்டும், கையால் ஒரு எழுத்துகூட மாற்றியிருக்கக் கூடாது. ரிவ்யூ செய்கிறவருக்கும் இதுதான் வசதி. ஆயிரம் வரியைப் படிப்பதற்குப் பதில், அதே கருவியைத் தன் மெஷினில் ஓட்டி அதே விளைவு வருகிறதா என்று பார்த்தால் போதும்.

நடுவில் ஒரு அடுக்கு

பழையதும் புதியதும் ஒரே சமயத்தில் ஓட வேண்டும் என்றால் வேறு வழியே இல்லை. பைத்தான் 2இலிருந்து 3க்குப் போன காலம் முழுக்க சிக்ஸ் என்ற லைப்ரரி இந்த வேலையைச் செய்தது. இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு, பெயர்க் காரணம் அவ்வளவுதான். லைப்ரரி எழுதுகிறவர்களுக்கு இது இன்றும் தேவை, ஏனென்றால் பயனர் எந்த வெர்ஷனில் இருப்பார் என்று அவர்கள் கையில் இல்லை. அப்ளிகேஷன் எழுதுகிறவர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

பலரும் எழுதுவது ட்ரை போட்டு, புதிய இம்போர்ட் கிடைக்காவிட்டால் பழையதுக்குப் போவது. எனக்கு இதில் ஒரு மனக்கசப்பு உண்டு. புதிய மாட்யூல் இருக்கிறது, ஆனால் அது உள்ளே இம்போர்ட் செய்யும் இன்னொன்று காணவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இம்போர்ட் எர்ரர்தான். உங்கள் எக்ஸெப்ட் அதை விழுங்கிவிட்டு, சத்தமில்லாமல் பழையதைப் பிடித்துக்கொள்ளும். வெர்ஷன் எண்ணை நேராகப் பார்த்துப் பிரிப்பது மேல். டைப் செக்கர்களுக்கும் புரியும். பழைய வெர்ஷனின் ஆதரவை நிறுத்தும் நாளில் பைஅப்கிரேட் போன்றவை அந்தக் கிளையைத் தாமாகவே வெட்டி எறியும். ட்ரை போட்டு எழுதியது நாம் கைவைக்கும் வரை அப்படியே கிடக்கும்.

நாம் போடாத அடுக்கும் இருக்கலாம், கவனம். பைத்தான் 3.12இல் டிஸ்ட்யுட்டில்ஸ் இல்லை என்றேன். ஆனால் செட்டப்டூல்ஸ் என்ற பேக்கேஜ் கருவி இன்ஸ்டால் ஆகியிருந்தால் டிஸ்ட்யுட்டில்ஸை இம்போர்ட் செய்ய முடியும், ஏனென்றால் அது தன்னிடம் ஒரு பிரதி வைத்துக்கொண்டு நடுவில் நுழைந்துவிடும். அதே 3.12 முதல் புதிதாக உருவாக்கும் வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் (ஒரு ப்ராஜெக்ட்டுக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் அறை) செட்டப்டூல்ஸ் தானாக வருவதில்லை. உங்கள் மெஷினில் வேறு ஏதோ ஒன்று அதை இழுத்துக்கொண்டு வந்திருக்கும், கன்டெய்னரில் வந்திருக்காது. 'என்கிட்ட ஓடுதே' என்ற அழியாப் புகழ் வாசகம் பிறக்கும் இடம் இது.

தொடும்போது மாற்றுவது

எந்த ஃபைலில் வேறு வேலைக்காகக் கை வைக்கிறோமோ அதன் இம்போர்ட்டையும் அப்போதே சரிசெய்வது. கேட்க நன்றாக இருக்கும். பக் சரிசெய்த நாலு வரியும், இம்போர்ட் மாற்றிய இருபது வரியும் ஒரே புல் ரிக்வெஸ்ட்டில் வரும். ரிவ்யூ செய்பவர் நாலை விட்டுவிட்டு இருபதைப் படிப்பார். அப்புறம், யாரும் தொடாத ஃபைல்கள் கடைசிவரை மாறாது. என் மாதக் கடைசி ரிப்போர்ட் அந்த வகைதான்.

இதை உருப்படியாக்குவது லின்ட்டர் தடை. ஈஎஸ்லின்ட்டில் சில இம்போர்ட்டுகளைத் தடைசெய்யும் விதி இருக்கிறது, ரஃபிலும் உண்டு. இருப்பவற்றுக்கு விலக்கு கொடுத்துவிட்டு, புதிதாக யாரும் சேர்க்க முடியாதபடி சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாகச் சோதனை ஓட்டும் அமைப்பு) போட்டுவிட்டால் எண்ணிக்கை குறையுமே தவிரக் கூடாது. மொமென்ட் மாதிரி ஒவ்வொரு இடத்தையும் கண்ணால் படித்துத்தான் மாற்ற வேண்டும் என்ற நிலையில் இந்த மெதுவான வழியைத்தான் எடுப்பேன். ஒரு நாளைக்கு இரண்டு ஃபைல், ஒவ்வொன்றிலும் 'ஆட்' எங்கே கூப்பிடப்படுகிறது, திரும்பி வருவதை யார் வாங்குகிறார்கள் என்று பார்த்து.

ஏஐ உதவியாளரிடம் கொடுப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். கோட்மாட் விதியை எழுதித் தரச் சொன்னால் நன்றாகவே எழுதுகிறது, அந்த விதியை நான் படித்துச் சரிபார்க்கவும் முடிகிறது. முந்நூறு ஃபைலை நேராக அதன் கையில் கொடுத்து மாற்றச் சொல்வது வேறு விஷயம். ஒவ்வொரு ஃபைலிலும் ஒரே மாதிரி செய்யும் என்ற உத்தரவாதம் இல்லை. முந்நூறையும் நான் படிக்க வேண்டும் என்றால் எனக்கு மிச்சமானது என்ன?

செத்துப்போன லைப்ரரி

வீடு மாறவும் இல்லை, வாரிசும் இல்லை என்று சில உண்டு. பைத்தான் 3.13இல் சிஜிஐ, டெல்நெட்லிப், கிரிப்ட் உட்பட 19 மாட்யூல்களை ஒரேயடியாக எடுத்தார்கள். ஜாவாஸ்கிரிப்ட்டின் பேக்கேஜ் கிடங்கான என்பிஎம்மில் ரிக்வெஸ்ட் 2020இல் கைவிடப்பட்டது. இங்கே வேறு ஒன்றைத் தேடுவதற்கு முன்னால், அதிலிருந்து நாம் எவ்வளவு எடுத்துக்கொண்டோம் என்று பாருங்கள். டிஸ்ட்யுட்டில்ஸை இம்போர்ட் செய்யும் அப்ளிகேஷன் கோடில் நான் அடிக்கடி பார்ப்பது ஸ்டிரிங்-டு-பூல் ஃபங்ஷன் ஒன்றுக்காகத்தான். எஸ், ட்ரூ, ஆன், 1 போன்றவை வந்தால் ஒன்று, நோ, ஃபால்ஸ், ஆஃப், 0 போன்றவை வந்தால் பூஜ்யம், மற்றதுக்கு வேல்யூ எர்ரர். நாமே எழுதினால் எட்டு வரி. அதற்கு ஒரு புது டிபென்டென்சி (நாம் நம்பியிருக்க வேண்டிய இன்னொரு லைப்ரரி) சேர்ப்பது கொசுவுக்குப் பீரங்கி.

நான் இப்போது செய்யும் வரிசை இது. முதலில், எதையும் மாற்றாமல், டெப்ரிகேஷன் எச்சரிக்கைகளை ('இது கைவிடப்படப்போகிறது' என்பவை) எர்ரராக மாற்றி டெஸ்ட்டை ஓட்டுகிறேன். பைத்தானில் ஒரு டபிள்யூ ஆப்ஷன் போதும். முணுமுணுத்துக்கொண்டிருந்தவை எல்லாம் அப்போது வாய்விட்டுக் கத்தும். கத்தியவற்றில் வீடு மட்டும் மாறியவற்றைக் கருவியிடம் கொடுத்து, ஓர் இம்போர்ட்டுக்கு ஒரு கமிட் என்று முடித்துவிடுகிறேன். குணம் மாறியவற்றுக்கு, இம்போர்ட்டைத் தொடும் முன்பே இன்றைய நடத்தையைப் பிடித்து வைக்கும் டெஸ்ட் எழுதுகிறேன். 1.0ஆர்சி1 புதியதா என்ற கேள்விக்கு இன்றைக்கு என்ன பதில் வருகிறதோ, தப்பாக இருந்தாலும், அதுவே அந்த டெஸ்ட்டில் இருக்கும். மாற்றிய பிறகு அது விழுந்தால், எந்தப் பதில் வேண்டும் என்று உட்கார்ந்து பேசுவோம். அப்புறம் சிஐயில் தடை விதி. கடைசியாக, டெஸ்ட்டே இல்லாத, எப்போதாவது மட்டும் ஓடும் ஸ்கிரிப்ட்டுகளைத் தேடிப்பிடித்து ஒவ்வொன்றையும் ஒரு முறை கையால் ஓட்டிப் பார்க்கிறேன்.

கோட்மாடை முதன்முறை அந்தப் பழைய கோட்பேஸில் ஓட்டியபோது, கலெக்‌ஷன்ஸை 'சி' என்று கூப்பிட்ட ஃபைல்கள் இன்னும் இரண்டு கிடைத்தன. ஒன்று வருடத்துக்கு ஒரு முறை மட்டும் ஓடுவது.